சத்து மாத்திரை வாங்குவதற்கு முன்னால்

லால்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். படித்தது பி.பார்ம். டாக்டர் சீட்டு இல்லாமல் எங்கள் கடையில் அதிகம் கேட்கப்படுவது காய்ச்சல், தலைவலி மாத்திரைதான். அதற்கு அடுத்த இடம் சத்து மாத்திரைக்கு. "அண்ணே, உடம்பு ஒரே அசதியா இருக்கு, சத்துக்கு ஏதாச்சும் குடுங்க" என்பார்கள். என்ன அசதி, எத்தனை நாளாக, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம்கூட வரும். சிலர் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டுவார்கள். அதில் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கடையில் நாலு பேர் பின்னால் நிற்கும்போது இதையெல்லாம் நின்று விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வைட்டமினில் தெம்பு கிடையாது. தெம்பு சோற்றிலும் பருப்பிலும் எண்ணெயிலும் இருக்கிறது. அவற்றை எரித்து நம் செல்கள் சக்தி எடுக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகப் பல வேதிவினைகள் நடக்கின்றன. அவற்றை நடத்துபவை என்சைம்கள். பல என்சைம்களுக்குத் துணையாக ஒரு சின்ன மூலக்கூறு வேண்டியிருக்கிறது. அந்தத் துணை மூலக்கூறுகள் பலவற்றை உடலால் தானே செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். பி வகை வைட்டமின்கள் எல்லாம் இந்த வேலைதான் செய்கின்றன. தேவைப்படும் அளவோ மிகக் குறைவு. பி12 ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமை 10 லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

அளவு சின்னதுதான், இல்லாமல் போனால் விளைவு சின்னதல்ல. பி1 இல்லாவிட்டால் குளுக்கோஸ் பாதி வழியில் நின்றுவிடும். முதலில் அடி வாங்குவது நரம்பும் இதயமும். பெரிபெரி என்ற அந்த நோயின் கதையில் நம் சனங்களுக்கு ஒரு பங்கு உண்டு. நூறு ஆண்டுகளுக்கும் முன் மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அதே ஊரில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது பெரிதாக வரவில்லை. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. 1905-ல் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு பாதிப் பேருக்குப் பச்சரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் நோய் பரவியது. புழுங்கல் பக்கம் ஏறக்குறைய யாருக்கும் வரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுதாகப் போவதில்லை. அப்போது பி1 என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஆலையில் நெல் அவிக்கும் வாசனை வரும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

இதைவிட எனக்கு நெருக்கமானது வைட்டமின் ஏ. எங்கள் மாவட்டத்தில் நடந்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணின் விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்று தனி செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஆப்சின் என்ற புரதத்தோடு வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம் ஒட்டிக்கொண்டிருக்கும். வளைந்த மூலக்கூறு அது. ஒளி பட்டதும் நிமிரும். அந்த ஓர் அசைவுதான் நரம்புச் செய்தியாக மூளைக்குப் போகிறது. நிமிர்ந்தது மறுபடி வளைந்த வடிவத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த ஒளியைப் பிடிக்கும். கையிருப்பு குறைந்த குழந்தைக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. மாலைக்கண் என்று நாம் சொல்வது இதைத்தான். அதற்கும் பிறகு கவனிக்காமல் விட்டால் வெள்ளை விழியில் நுரை மாதிரித் திட்டு வரும், கருவிழி உலரும், கடைசியில் புண்ணாகிப் பார்வையே போய்விடும்.

ஆனால் வைட்டமின் ஏ-யின் வேலை கண்ணோடு முடிவதில்லை. மூச்சுக்குழாய், குடல் இவற்றின் உள்பக்கச் சவ்வு ஈரமாகவும் முழுமையாகவும் இருப்பதற்கு அது வேண்டும். நோய் எதிர்ப்புச் செல்கள் முதிர்வதற்கும் வேண்டும். சத்துக் குறைந்த குழந்தையைத் தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோவது இதனால்தான். இதை எண்களில் காட்டிய ஆய்வுகளில் ஒன்று அன்றைய திருச்சி மாவட்டத்து கிராமங்களில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மதுல்லாவும் உடன் இருந்தவர்களும் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான 15,419 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஊர்த் தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போய் சொட்டு மருந்து ஊற்றினார்கள். பாதிக் குழந்தைகளுக்கு 8,333 யூனிட் வைட்டமின் ஏ, கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈ. மறுபாதிக்கு வைட்டமின் ஈ மட்டும். 1990-ல் முடிவு வெளியானது. ஏ கிடைத்த குழந்தைகளில் மரணம் 54 சதவீதம் குறைவு. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களும் நெடுநாள் ஊட்டம் குறைந்தவர்களும்தான் அதிகம் பிழைத்தார்கள்.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்கும் வைட்டமின் ஈ கிடைத்தது, அதாவது ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட். உயிரைக் காத்தது அந்தக் குழந்தைகளிடம் எது குறைவாக இருந்ததோ அது. என்னுடைய கேள்வி எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது: உங்களிடம் எது குறைகிறது?

இன்றும் குழந்தையின் ஒன்பதாவது மாதத்தில் ஒரு லட்சம் யூனிட் வைட்டமின் ஏ, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு லட்சம் யூனிட் என ஐந்து வயது வரை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கிக்காய் இவற்றில் இருப்பது பீட்டா கரோட்டின். அதை உடல் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். கொழுப்பில் கரைவது என்பதால் கீரையில் ஒரு கரண்டி எண்ணெயாவது சேர வேண்டும்.

இனி ஆன்டிஆக்ஸிடன்ட். செல்லுக்குள் ஆக்ஸிஜனை வைத்து சக்தி எடுக்கும்போது கொஞ்சம் ஆக்ஸிஜன் ஒற்றை எலக்ட்ரானோடு வெளியே சிந்திவிடுகிறது. இதைத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்கிறார்கள். ஒற்றை எலக்ட்ரான் சும்மா இருக்காது, பக்கத்து மூலக்கூறிலிருந்து ஒன்றைப் பிடுங்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும். பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் தள்ள, வரிசை முழுக்கத் தள்ளு வந்து சேர்வதுபோல. செல்லைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சுவரில் இந்தச் சங்கிலி ஓடினால் சுவர் பழுதாகும். வைட்டமின் ஈ அந்தச் சுவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தன்னிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை நிறுத்துகிறது. இப்படி நிறுத்தும் பொருளைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறார்கள். கொடுத்துவிட்டுச் செயலற்றுப்போன ஈ-யை வைட்டமின் சி மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இவ்வளவும் உண்மை. விளம்பரக்காரர்கள் இதுவரை சரியாகத்தான் சொல்கிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு. ஒன்று, இந்த வேலையின் பெரும்பங்கை உடல் தானே செய்த என்சைம்கள் பார்த்துக்கொள்கின்றன. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற என்சைம் இப்படி வேலை செய்வதை 1969-ல் அமெரிக்காவில் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்தார்கள். அது ராடிக்கலை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக்கும், கேட்டலேஸ் அதைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கும். எந்த மாத்திரையும் இந்த வேகத்துக்கு வராது.

இரண்டு, ராடிக்கல் முழுக்க எதிரி என்று நினைக்கக் கூடாது. கிருமியை விழுங்கிய வெள்ளை அணு அதைக் கொல்வதற்கு வேண்டுமென்றே இந்த ராடிக்கலைத் தயாரிக்கிறது. அதைத் தயாரிக்கும் என்சைம் பழுதாகப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தொற்று மாறி மாறி வந்து அவர்களை வாட்டிவிடும். உடற்பயிற்சியிலும் அப்படித்தான். தசையில் எழும் ராடிக்கலே "இன்னும் வலுவாகு" என்ற தகவலின் ஒரு பகுதி. 2009-ல் ஜெர்மனியில் மிஹாயேல் ரிஸ்டோவின் குழு இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தது. தினமும் ஒரு கிராம் வைட்டமின் சி-யும் 400 யூனிட் ஈ-யும் சாப்பிட்டவர்களுக்கு, உடற்பயிற்சியால் வர வேண்டிய இன்சுலின் நன்மை வரவில்லை. மாத்திரை இல்லாமல் ஓடியவர்களுக்கு வந்தது. ஜிம்முக்குப் போகும் தம்பிகள் வந்து பெரிய டப்பா கேட்கும்போது இதைத்தான் சொல்வேன். பாதிப் பேர் கேட்டுக்கொள்வார்கள்.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது ஃபின்லாந்து ஆய்வு. கேரட்டும் கீரையும் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று அதற்கு முன் பல கணக்கெடுப்புகள் காட்டியிருந்தன. அப்படியானால் பீட்டா கரோட்டினை மாத்திரையாகவே கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். நியாயமான யோசனைதான். 50 முதல் 69 வயது வரையிலான, சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களில் பாதிப் பேருக்கு ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் வந்த முடிவு: தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவிலும் இதே மாதிரி ஓர் ஆய்வு நடந்தது. அங்கே புகைப்பவர்களும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை செய்தவர்களுமாக 18,314 பேர். பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் கொடுத்திருந்தார்கள். அதில் 28 சதவீதம் அதிகம். 1996 ஜனவரியில், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே அதை நிறுத்திவிட்டார்கள். புகை மண்டிய நுரையீரலில் பீட்டா கரோட்டினே ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, உடைந்த துண்டுகள் கெடுதல் செய்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

திருச்சிக் குழந்தைகளையும் ஃபின்லாந்து ஆண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே குடும்பத்துப் பொருள். குறைந்த இடத்தில் சிறிதளவு போனபோது உயிர் கொடுத்தது. குறையாத இடத்தில் கொட்டியபோது நோயைக் கூட்டியது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் அதிகம் உள்ள மாத்திரையை நான் கொடுப்பதே இல்லை. தட்டில் கேரட்டும் கீரையும் தாராளமாகச் சாப்பிடட்டும், அதில் பயமில்லை.

சி, பி வகைகள் தண்ணீரில் கரைவதால் மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். பி காம்ப்ளெக்ஸ் போட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவது பி2-தான். மஞ்சள்காமாலை என்று பயந்து வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வைட்டமின் சி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 65 முதல் 80 மில்லிகிராம் வரை தேவை. ஒரு கிராமுக்கு மேல் ஒரே நேரத்தில் விழுங்கினால் பாதிகூட உடலில் ஏறுவதில்லை. சிலருக்குச் சிறுநீரகக் கல்லுக்கும் வழி செய்யும். தினம் ஒரு நெல்லிக்காய் போதும், கீரையில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்தும் நன்றாக ஏறும்.

கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கிலும் இன்னும் கவனம் வேண்டும். டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதியிருப்பார். தினம் ஒன்று என்று நினைத்து அடுத்த அட்டை கேட்டு வந்தவர்களை நிறுத்தி அனுப்பியிருக்கிறேன். அப்படியே போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். இதயத்தில் செயற்கை வால்வு வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்கள் வைட்டமின் கே கலந்த எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரையின் வேலையையே அது எதிர்த்துவிடும்.

குறைவு உண்மையாகவே இருந்து, யாரும் பார்க்காமல் விடுவது பி12. சுகருக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போடுபவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. அது சாப்பாட்டில் இயல்பாக இருப்பது பால், முட்டை, மீன், கறி இவற்றில்தான் என்பதால் சைவக்காரர்களுக்கு இன்னும் சிரமம். பாதம் எரிகிறது, மரத்துப் போகிறது என்பார்கள். சுகர் நரம்பைப் பாதித்தாலும் இதே தொந்தரவுதான், அதனால் எல்லாப் பழியையும் சுகர்மேல் போட்டுவிடுவார்கள். பி12 குறைவை நீண்ட நாள் விட்டால் நரம்பு திரும்பிச் சரியாகாமலே போகலாம். ஃபோலிக் ஆசிட் மட்டும் அதிகம் சாப்பிட்டால் சோகை சரியானதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். அடுத்த முறை சுகர் டெஸ்ட்டுக்குப் போகும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டெஸ்ட்டுக்கு முன்னால் நீங்களாக பி12 மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டால் ரத்தத்தில் அளவு கூடிக் காட்டும். அதனால் முதலில் டெஸ்ட், அப்புறம் மாத்திரை.