திதி வெண்பா எழுதும் வீடு

யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போனவர்கள் எழுதிய புலம்பெயர் கதைகள் நிறைய இருக்கின்றன. நான் எதிர்த்திசையில் வந்தவள். பிறந்து வளர்ந்தது கும்பகோணம், கல்யாணமாகி வந்தது இணுவில். சென்னையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் பலாலி வந்துவிடும். ஆனாலும் நாடு வேறு. வதிவிட விசா, அதற்காகக் கொழும்பு அலைச்சல், கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பு, எந்தக் கறிக்கும் வறுத்தரைத்த யாழ்ப்பாணத் தூள் என்று எல்லாமே சில மாதங்களில் பழகிவிட்டன. ஊர்தான் பழகவில்லை. அது கடைசியில் பழகியது, செத்தவர்கள் வழியாக.

மாமா ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார், கவிஞர். ஊரில் எல்லாருக்கும் மாஸ்ரர். பேச்சோசையை யாப்புக்குள் கொண்டுவந்த அளவெட்டிக் கவிஞர் மஹாகவியைத்தான் குரு என்பார். மஹாகவி 1971 இல் காலமாகிவிட்டார், இவர் நேரில் பார்த்ததே இல்லை. நான் வந்த அடுத்த வருடம் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டதால் வலக்கை விழுந்தது, பேச்சும் குழம்பியது. வார்ட்டில் காசு ஒன்றும் வாங்கவில்லை, மருந்தும் சும்மாதான். இந்த நாட்டின் மீது எனக்கு முதல் மரியாதை வந்தது அங்கேதான்.

வீட்டுக்கு வந்தபின் அவருக்குப் பெரிய கோபம் தேத்தண்ணீர் விஷயத்தில். விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாவிட்டால் தண்ணியானது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அதனால் கொஞ்ச நாள் கெட்டியானதுதான் கொடுக்கலாம் என்றார்கள். மூன்று வேளையும் கஞ்சி. மாமி கரண்டியை நீட்டும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வார்த்தை வராவிட்டாலும் வசை வந்தது, அதுவும் தெளிவாக!

அந்த வாரங்களில் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாராட்டு விழா எடுக்கவேண்டும், மலர் போடவேண்டும், பொன்னாடை போர்த்தவேண்டும். பத்து வருடமாக இவரைக் கவியரங்குக்குக் கூப்பிடாதவர்களும் வந்தார்கள். பேச முடியாத கவிஞரைக் கௌரவிப்பது சுலபம் என்பது என் அபிப்பிராயம். ஒருவர் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார். சுவீடன் கவிஞர் திரான்ஸ்த்ரோமருக்கு 1990 இல் இதே வருத்தம்தான் வந்தது, பேச்சு அநேகமாகப் போய்விட்டது, ஆனாலும் எழுதினார், இடக்கையால் பியானோ வாசித்தார், 2011 இல் நோபல் பரிசும் வாங்கினார் என்றார். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னைக் காட்டி மெல்ல மெல்லச் சொன்னார்: “அவருக்குப் பியானோ. எனக்கு... உவ.”

அப்படித்தான் நான் அவருடைய எழுதுகிற கை ஆனேன். ஆனால் எழுத வந்தது நான் எதிர்பார்த்த கவிதை இல்லை, கல்வெட்டு.

தமிழ்நாட்டில் கல்வெட்டு என்றால் கோயில் சுவர்தான் ஞாபகம் வரும். இங்கே அது செத்தவர்களுக்காக அச்சடிக்கும் சிறு புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்று வருகிறவர்களின் கையில் கொடுப்பார்கள். படம், தேவாரம், வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல் எல்லாம் இருக்கும். முக்கியமானது திதி வெண்பா. இறந்தவரின் பெயர், மாதம், பிறை, திதி எல்லாம் நாலு அடிக்குள் அடங்கவேண்டும். வருடா வருடம் திவசத்துக்கு நாள் பார்க்க அதுதான் ஆதாரம். மாமா சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கமாட்டார், ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் வந்தால் போதும்.

எங்கள் ஒழுங்கையிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்குப் போன ஒரு கிழவி அங்கேயே காலமானார். மகன் வாட்ஸப்பில் அழைத்தார். உயிர் பிரிந்தது இரவு பத்தரை. “அங்க பத்தரை எண்டா இங்க விடிய எட்டு” என்றார் மாமா. திகதி இங்கே ஒன்று கூடிவிட்டது. ஆனால் திதி சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான தூரக் கணக்கு, எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அந்த நேரத்துக்கு அதேதான். மணியை மட்டும் மாற்றிக்கொண்டு நம் பஞ்சாங்கத்தைப் பார்க்கலாம். சரி, எந்தப் பஞ்சாங்கம்? வாக்கியமா, திருக்கணிதமா? இரண்டுக்கும் சில மணித்தியாலம் வித்தியாசம் வரும். அந்தக் குடும்பம் வாக்கியம். ஏகாதசி என்று முடிவாயிற்று.

முதல் மூன்று அடியும் மத்தியானத்துக்குள் வந்துவிட்டன. கடைசி அடியில் மூன்றே சீர். மாமா சாய்மனைக் கதிரையின் கையில் இடக்கை விரலால் தட்டினார்.

“எழுதும் பிள்ளை. வைகாசி...” நிறுத்தினார். சொல் வரவில்லை. வாயைக் கோணிக்கொண்டு இரண்டு மூன்று தரம் முயன்றார். பிறகு, “வைகாசி... கூவிளம்... நாள்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல் தொலைந்துவிட்டது, ஆனால் அது உட்காரவேண்டிய இடத்தின் அளவு அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேரசையும் நிரையசையும் சேர்ந்த சீருக்குத்தான் கூவிளம் என்று பெயர். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட வாய்பாடு, இப்படி உதவும் என்று யார் நினைத்தார்கள்? “நல்லதோர்?” என்றேன். உதட்டைப் பிதுக்கினார். “தேய்பிறை?”

பொக்கைவாய் முழுக்கச் சிரிப்பு. வைகாசித் தேய்பிறை நாள். அடி நின்றது.

அதற்குப்பிறகு செத்தவீட்டு விபரங்களோடு வருகிறவர்கள் நேரே என்னிடம் வந்தார்கள். யாருக்கு யார் சகோதரி, எந்தப் பிள்ளை நோர்வேயில், யார் முள்ளிவாய்க்காலில், எந்தக் காணி யாருடைய சீதனம் எல்லாம் வம்சாவளிப் பக்கத்துக்காக எழுதி எழுதியே எனக்கு மனப்பாடம். இப்போது சந்தையில் யாரையாவது பார்த்தால், அவருடைய தாத்தா எந்தத் திதியில் போனார் என்பதுகூட எனக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து வந்த பிள்ளை என்பது போய், மாஸ்ரரின்ர மருமகள் ஆகிவிட்டேன்.

மாமாவின் மற்றக் கவிதைகளின் கதை சோகம். முதல் தொகுப்பில் ஒரு பிரதியை யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். 1981 இல் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு அதுவும் போயிற்று. கையெழுத்துக் கொப்பிகள் இருந்த தகரப் பெட்டி 1995 ஒக்ரோபர் 30 அன்று, எங்கள் வலிகாமப் பகுதியே போருக்குப் பயந்து கிளம்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது, வீட்டிலேயே நின்றுவிட்டது. அடுத்த வருடம் திரும்பி வந்தால் கதவு நிலையே இல்லை, பெட்டிக்கு எங்கே போவது? மிஞ்சியவை ஊரார் அலுமாரிகளில் இருக்கும் கல்வெட்டுகள்தான். புலம்பலாக எழுதியவற்றில் சில அருமையான கவிதைகள். யாரும் அவற்றை இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை, எழுதியவர் பெயரும் பல புத்தகங்களில் கிடையாது. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது, அவர் அலட்டிக்கொள்வதில்லை. ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இப்படியான நினைவு மலர்களையும் ஏற்றுகிறார்கள். மாமி தூங்கும் நேரத்தில் அங்கே தேடுகிறேன். கனடாவில் மச்சாளும் தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறார்.

போன வாரம் லண்டனிலிருந்து ஒருவர் அழைத்தார். அப்பாச்சியின் கல்வெட்டு கிடைத்ததாம், 1988. பெயர் போடவில்லை, மாஸ்ரர் எழுதியதாக இருக்கும் என்று வெண்பாவை வாசித்தார். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். மாமா கண்ணை மூடி, கதிரையின் கையில் தட்டிக்கொண்டே கேட்டார். மூன்றாம் அடியில் விரல் நின்றது.

“என்ர இல்லை” என்றார். “தளை தட்டுது. ஆர் எழுதினது எண்டும் தெரியும். சொல்லமாட்டன்.”