இடிப்பதற்கு முன் எழுதப்படும் பட்டியல்

பிப்ரவரி 4

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியில் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டிய மறுசீரமைப்பைப் பற்றி இன்று படித்தேன். ஒரு பகுதி மொத்தமாகச் சீர்கெட்டது என்று அரசு முடிவு செய்துவிட்டால், அதற்குள் நல்ல நிலையில் நிற்கும் கட்டடத்தையும் கையகப்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அங்கிருந்த தன் கடையைக் காக்க வழக்காடிய உரிமையாளர் தரப்புக்கு இழப்பீட்டு உரிமையாவது இருந்தது. அங்கிருந்து அகற்றப்பட்ட ஏறத்தாழ 23,000 பேரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வாடகைக்குக் குடியிருந்த ஏழைகளுக்கோ, பின்னர் எழுந்த வீடுகள் எட்டாத வாடகையில் இருந்தன.

பிப்ரவரி 6

யார் திரும்பி வருவார் என்பது இடிப்புக்கு நெடுநாள் முன்னரே, புதிய வீடு பெறப்போகும் பயனாளிகளின் பட்டியல் தயாராகும்போதே முடிவாகிவிடுகிறது. குறிப்பிட்ட தேதிக்கு முன் குடியிருந்ததற்குச் சான்று கேட்கும்போது, எழுத்தில் வாடகை ஒப்பந்தம் இல்லாதவரும், உள்வாடகைக்கு இருப்பவரும், ஒரே கதவு எண்ணுக்குள் தனி அடுப்பு வைத்திருக்கும் இரண்டாவது குடும்பமும் விடுபடுகிறார்கள். குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் ஒதுக்கீடு எழுதப்பட்டால், அவர் கைவிட்டுச் சென்ற மனைவிக்கு அந்த வீட்டில் என்ன உரிமை மிஞ்சும்? இழப்பீட்டுத் தொகைக்காக வாதிடும் அளவுக்கு, பட்டியல் தயாரிக்கும் முறையை நாம் கேள்விக்கு உட்படுத்துவதில்லை என்பது எனக்கு விந்தையாகவே படுகிறது.

பிப்ரவரி 9

லண்டனில் சமூக வீடுகளை, அதாவது உள்ளாட்சி போன்ற அமைப்புகள் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளை, இடித்துப் பெரிய அளவில் கட்டும் திட்டத்துக்கு மேயரின் நிதி வேண்டுமானால், 2018 முதல் குடியிருப்போரிடையே வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நல்ல விதிதான். ஆனால், தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர் அத்தகைய வீட்டுக்காகக் காத்திருப்போரின் பட்டியலான, உள்ளாட்சியின் வீட்டுவசதிப் பதிவேட்டில் ஓராண்டாவது இடம்பெற்றிருந்தால்தான் வாக்களிக்கலாம். இங்கும் பட்டியல்தான்.

பிப்ரவரி 15

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், டட்லி தெருப் பகுதியில் 1984இல் உருவான குடியிருப்போர் அமைப்பு, காலி மனைகளைக் கையகப்படுத்தும் அதிகாரத்தையே 1988இல் நகர நிர்வாகத்திடமிருந்து பெற்றது. நிலம் சமூக அறக்கட்டளையிடமே இருக்கும். வீட்டை வாங்கியவர் அதை வரம்புக்குட்பட்ட விலைக்கே மறுவிற்பனை செய்யலாம். இதைக் கொண்டாடுவோர், அங்கே கைக்கு வந்தவை ஆளில்லாத மனைகள் என்பதை மறந்துவிடுகிறார்கள். மக்கள் நெருங்கி வாழும் இடத்தில், ஓர் ஓரமாகப் புதிய வீடுகளை முதலில் கட்டி, அவற்றில் குடியேற்றிய பிறகே பழையவற்றை இடிப்பதுதான் முறை. அப்படிச் செய்தால் நிலம் ஒரே நேரத்தில் காலியாகாது, கட்டுமான நிறுவனத்துக்கு வட்டிச் செலவும் கூடும் என்பதால், நிலத்தை ஒப்படைப்பதற்கு முன்பே இந்த வரிசையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியாக வேண்டும்.