மஷிகோவுல சக்கரத்துல உக்காந்தப்போ

ஜப்பான் போனா டோக்கியோ, கியோட்டோன்னு சுத்திட்டு வந்துடறோம், ஆனா களிமண்ணுல கை வைக்கணும்னு ஆசை இருக்கிறவங்க தொச்சிகி மாகாணத்துல இருக்கிற மஷிகோங்கிற பானை ஊருக்கு கண்டிப்பா போகணும்ங்கிறது என் கட்சி. டோக்கியோல இருந்து ஓயாமா வரைக்கும் ஷின்கான்சென் புல்லட் ரயில், அப்புறம் மித்தோ லைன்ல ஷிமொதாதே, அங்கிருந்து மோக்கா ரயில்வேன்னு ஒரு குட்டி டீசல் வண்டி, ரெண்டு பக்கமும் வயல்.

1853ல ஆரம்பிச்ச சூளை ஊரு இது. தண்ணி ஜாடி, சட்டி, டீ கெட்டில்னு சமையல்கட்டு சாமான்தான் ரொம்ப நாள் செஞ்சாங்க. 1924ல இங்கிலாந்துல இருந்து திரும்பின ஹமாதா ஷோஜிங்கிற பானைக் கலைஞர் இங்கதான் வந்து தங்கினார், அதுக்கப்புறம்தான் உலகத்துக்கே ஊர் பேர் தெரிஞ்சது. அவர் மோட்டார் வீல் பக்கம் போகல, சக்கரத்துல இருக்கிற குழியில குச்சிய விட்டு சுத்தி விடுவார், அது நம்மூர் வேளார் கோல் போட்டு சுத்துறாங்களே அதே வேலைதான். அவர் வீடும் சூளையும் இப்ப மியூசியம், சன்கோகான்னு பேரு.

நான் கத்துக்கப் போன பட்டறையில மொதல்ல சக்கரமே கிடையாது, மண்ணு பிசையுறதுதான். பிசையவே மூணு வருஷம்னு ஜப்பான்ல சொல்லுவாங்க. சும்மா அமுக்கித் தேய்ச்சதுக்கு அப்புறம் கிகுநேரின்னு ஒரு முறை, உள்ளங்கையால அழுத்தி கொஞ்சம் திருப்பி மறுபடி அழுத்தி, கடைசில மண்ணு மேல செவ்வந்தி இதழ் அடுக்கின மாதிரி மடிப்பு விழும். உள்ள இருக்கிற காத்து வெளிய போகத்தான் இவ்வளவும்.

வீல் கடிகார முள் போற பக்கமா சுத்துது. யூட்யூப்ல நான் பாத்த அமெரிக்க வீடியோ எல்லாம் எதிர்ப்பக்கம், அதனால இங்க வலது கை பாத்திரத்துக்குள்ள, இடது கை வெளிய. ஒரு கிண்ணத்துக்கு ஒரு உருண்டைன்னு வைக்கிறதும் இல்ல, பெரிய குவியலா மண்ண வச்சு அதோட உச்சியில மட்டும் தேவையான அளவு எடுத்து கிண்ணம் செஞ்சு, அறுத்து எடுத்துட்டு, மிச்ச மண்ணுலயே அடுத்தது. அடிப்பாகத்த விரலால நல்லா அழுத்தி விடணும், அத விட்டா காயும்போது அடியில வளைஞ்சு ஒரு விரிசல் விழும்னு சென்செய், அதாவது சொல்லித் தர்றவங்க, திரும்பத் திரும்ப காட்டினாங்க. அளவுக்கு தொம்போன்னு மெல்லிசா ஒரு மூங்கில் குச்சி, நடுவுல குறுக்க இன்னொரு குச்சி, அத உள்ள விட்டா ஆழமும் அகலமும் ஒரே நேரத்துல தெரிஞ்சிடும். காஞ்சு வெந்ததும் மண்ணு சுருங்கும்ல, அதனால தொம்போவையே கொஞ்சம் பெருசாதான் வச்சிருக்காங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது அறுக்கிற வேலை. கிண்ணத்துக்கு கீழ விரல் நுனியால ஒரு பள்ளம், நூலோட ஒரு முனைய கையில பிடிச்சுக்கிட்டு இன்னொரு முனைய அந்தப் பள்ளத்துல ஒட்ட விட்டா சக்கரமே அத ஒரு சுத்து சுத்திக்கும், அப்ப டக்குனு இழுக்கணும். அவ்வளவுதான், ரெண்டு கையிலயும் ரெண்டு ரெண்டு விரல கத்தரி மாதிரி விரிச்சு கிண்ணத்த தூக்கிடலாம்.

பாதி காஞ்சதும் கவுத்து வச்சு அடியில பாதம், அதாவது கிண்ணம் நிக்கிற வளையம், செதுக்குவாங்க. தேநீர் சடங்குல கிண்ணத்த திருப்பி இந்தப் பாதத்தையும் ரசிச்சுப் பாப்பாங்க, அதனால இதுக்கு அவ்வளவு பொறுமை. எவ்வளவு கனம் மிச்சம்னு விரலால தட்டி, சத்தத்த வச்சே சொல்லிடறாங்க!

கிளேஸ், அதாவது மேல பூசுற கண்ணாடி மாதிரி பூச்சு, வெள்ளை வேணுமா, கபில நிறம் வேணுமான்னு கேப்பாங்க. வெள்ளைக்கு சேக்கிறது உமிச் சாம்பல், கபிலம் அந்தப் பக்கத்துக் கல்ல இடிச்சு செய்யறது. நான் உமி வெள்ளைதான் எடுத்தேன்.

செஞ்சது அன்னைக்கே கைக்கு வராது, காஞ்சு சூளைக்குப் போய் வரணும், வெளிநாட்டுக்கு அனுப்புவாங்களான்னு புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க. மே மாச ஆரம்பத்துலயும் நவம்பர்லயும் பெரிய பானை சந்தை, ஊரே ஜே ஜேன்னு இருக்கும், வாங்கறதுக்கு அப்ப போங்க, கத்துக்க வேற மாசம் பாருங்க.