மூடுபனி விளக்குகளுக்கு மூன்று முறை வயர் இழுத்த அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து ஹில்டனை நோக்கி என்3 நெடுஞ்சாலை ஏறும் டவுன் ஹில் சரிவில் மூடுபனி கவிந்துவிட்டால், முன்னால் செல்லும் லாரியின் பின்விளக்கு மிக அருகில் சென்ற பிறகே கண்ணுக்குத் தெரியும். அதே சாலையில் மேலே போனால் வான் ரீனன் கணவாயும் அப்படித்தான். பெரிய வெள்ளியன்று எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலில் நடக்கும் தீமிதிக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துவர நான் இரவில் இவ்விரண்டு இடங்களையும் கடக்க வேண்டியிருக்கிறது. என் பழைய பக்கியில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) மூடுபனி விளக்குகள் இல்லாததால், 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டை வாங்கி பம்பரில் தாழ்வாகப் பொருத்தினேன்.

முதலில், மாமா சொன்னபடி பேட்டரியிலிருந்து ஒரு வயரை டாஷ்போர்டு ஸ்விட்ச் வரை இழுத்து, அங்கிருந்து விளக்குகளுக்குக் கொண்டுபோனோம். வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. வெளிச்சம்தான் மங்கலாக இருந்தது. எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: பேட்டரியில் 13.8 வோல்ட், விளக்கின் முனையில் 12.1. இரண்டு விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கின்றன; அவ்வளவு மின்னோட்டம் மெல்லிய வயரிலும் சிறிய ஸ்விட்சிலும் நீண்ட தூரம் சுற்றி வரும்போது வோல்ட் வழியிலேயே குறைந்துவிடுகிறது. ஹாலஜன் பல்பின் ஒளி வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகமாகச் சரியும் என்பதால், இந்த 1.7 வோல்ட் இழப்பே மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. ஸ்விட்சும் தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

அடுத்ததாக, பார்க்கிங் விளக்கின் வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்பினால் அதிலிருந்தே மின்சாரம் எடுத்தேன். இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சில இரவுகள் தாங்கிய 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு நாள் ஏற்றத்தின் நடுவில் எரிந்தபோது, மூடுபனி விளக்குகளோடு அதே ஃபியூஸில் இருந்த பின்விளக்குகளும் அணைந்தன. பனிக்குள் பின்னால் வரும் லாரிக்கு என் வண்டியே தெரியாமல் போயிருக்கும். அந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுவது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அப்போது ஃபியூஸுக்குப் பதிலாக வயரே எரியும்.

இன்று வரை என் வண்டியில் இருப்பது ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் மின் ஸ்விட்ச், வைத்த மூன்றாவது முறை. பேட்டரியின் நேர்முனைக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அதிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ரிலேயின் 30 எண் முனைக்கு, 87 எண் முனையிலிருந்து விளக்குகளுக்கு. பார்க்கிங் விளக்கின் வயரிலிருந்து டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக 86 எண் முனைக்கு ஒரு மெல்லிய வயர் வருகிறது. 85 எண் முனை எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடலுக்குப் போகிறது. ரிலேயின் சுருள் சுமார் 0.2 ஆம்பியர் மட்டுமே இழுப்பதால் பார்க்கிங் விளக்கின் ஃபியூஸுக்குச் சுமையே இல்லை. மற்ற விளக்குகளை அணைத்தால் இவையும் தாமாகவே அணைந்துவிடுகின்றன. விளக்கின் முனையில் இப்போது 13.4 வோல்ட் வருகிறது. கடையில் கிடைக்கும் ஆயத்த வயர் தொகுப்பும் இதே அமைப்புதான். ஆனால் வாங்குமுன் வயரின் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது வோல்ட்டைக் கூடுதலாக இழக்கும் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கக்கூடும். கணினி வழியே விளக்குகளைக் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளில் பார்க்கிங் விளக்கின் வயரைத் தொடவே கூடாது.

இந்நாட்டுச் சாலை விதிகளின்படி மூடுபனி, பனிப்பொழிவு, தூசி, புகை ஆகியவற்றால் பார்வை குறையும்போது மட்டுமே இவ்விளக்குகளை எரிக்கலாம். ஆகவே தனி ஸ்விட்ச் அவசியம்.

எர்த் இணைப்பைப் பற்றிப் பலரும் கவலைப்படுவதில்லை. நான் சேஸிஸில் பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த இடத்தில் வளைய முனையை போல்ட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். மழையும் சேறும் முதலில் அரிப்பது அங்கேதான் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் அந்த போல்ட்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் இறுக்குகிறேன்.