காற்றில் ஜீரோ

சங்ககிரியில் லாரி எடைமேடைகளுக்கு சர்வீஸ் பார்த்த காலத்தில் நான் கற்ற முதல் பாடம், வண்டி ஏறும் முன் டிஸ்பிளேயில் ஜீரோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மழைச் சேறு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் போதும், தளத்துக்கடியில் ஒரு ஜல்லிக்கல் மாட்டினாலும் போதும், காலி மேடையே நாற்பது கிலோ காட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் அன்றைக்கு ஏறும் லாரி அத்தனைக்கும் நாற்பது கிலோ தப்பு.

சில வருடம் கழித்து, 2008இல், கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. அங்கே எடை போட வேண்டியது ஓடுகிற பந்தயக் குதிரையை. சரியாகச் சொன்னால், அதன் முன்னங்கால் குளம்பு ஒன்று தரையில் படும்போது விழுகிற விசையை. நேர்காணலில் எடைமேடை அனுபவத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆனால் வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான் என்று அப்புறம் தெரிந்தது. லாரி எடைமேடையில் பாரத்தை உணரும் லோட் செல்லுக்குள் ஒட்டியிருக்கிற அதே ஸ்ட்ரெயின் கேஜைத்தான் இங்கே லாடத்துக்குள் ஒட்ட வேண்டும். உலோகம் ஒரு துளி வளைந்தால் கேஜின் மின்தடை ஒரு துளி மாறும். அதைப் பெருக்கினால் விசை வந்துவிடும். என்ன, லாரி நின்று எண் நிலைக்கும் வரை காத்திருக்கும், குதிரை காத்திருக்காது.

அந்த வருடம் மே மாதம் அமெரிக்காவின் புகழ்பெற்ற குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் எயிட் பெல்ஸ் என்ற பெண் குதிரை இரண்டாவதாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் முன்னங்கால் இரண்டும் கணுமூட்டில் முறிந்து விழுந்தது. அங்கேயே கருணைக்கொலை செய்தார்கள். ஆய்வகத்தில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. கலிபோர்னியாவில் இந்தக் கவலை முன்பே இருந்தது. 2007 முடிவதற்குள் பெரிய பந்தயத் திடல்கள் எல்லாம் மண் தடத்தை எடுத்துவிட்டு செயற்கைத் தடம் போட வேண்டும் என்று குதிரைப் பந்தய வாரியம் உத்தரவிட்டிருந்தது. செயற்கைத் தடம் என்றால் பெரும்பாலும் மணல்தான். அதில் மெழுகு பூசி, நார் கலந்து, சிலவற்றில் ரப்பர் துணுக்கும் சேர்த்திருப்பார்கள். காலால் மிதித்தால் மெத்தென்று இருக்கும். ஆனால் ஐந்நூறு கிலோ குதிரை மணிக்கு அறுபது கிலோமீட்டரில் மிதிக்கும்போது மெத்தென்று இருக்குமா என்பதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது.

மிதிக்கும் விசையை அளக்கும் தகடு ஒன்றைத் தரையில் புதைத்து வைக்கலாமே என்று முதலில் தோன்றும். பாய்ச்சலில் குதிரையின் ஒரு முழு அடி ஆறேழு மீட்டர். மேசை அளவுத் தகட்டில் ஒரே ஒரு குளம்பு, முழுசாகப் பதிய வேண்டும். அது அதிர்ஷ்டம். அதனால் தராசையே குளம்பில் கட்டி அனுப்புகிறோம். யோசனை பழசுதான். 1870களின் தொடக்கத்திலேயே பிரான்சில் எத்தியென் ழூல் மாரே என்ற உடலியல் அறிஞர் குளம்புக்கடியில் காற்றறை வைத்து, ரப்பர் குழாயை மேலே கொண்டுபோய், சவாரி செய்பவர் கையில் பதிவுக் கருவியைக் கொடுத்து ஓட விட்டார். எங்களுக்கு வயரும் பேட்டரியும் வந்ததுதான் வித்தியாசம்.

லாடம் மாட்டுவதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். லாடம் அடிப்பவர் குதிரையின் காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குளம்பின் ஓரத்தை அரத்தால் ராவுவார். தீய்ந்த நகம் போல ஒரு வாடை. குளம்பின் நடுவில் ரப்பர் போல முக்கோணமாக ஒரு சதை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் தவளை. ஏன் என்று கேட்டால் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. பந்தய அலுமினிய லாடம் நூறு கிராம் சொச்சம்தான். எங்கள் லாடம் அதைப் போல நாலைந்து மடங்கு. ஒரு காலில் மட்டும் கட்டினால் குதிரை நொண்டுவது போல ஓடும் என்பதால், எதிர்க் காலுக்கும் அதே எடையில் ஒரு டம்மி. அளவிடப்போய் அளவிடும் பொருளையே மாற்றிவிடுகிறோமே என்ற உறுத்தல் எனக்குக் கடைசி வரை போகவில்லை.

வயர் காலோடு ஒட்டி மேலேறி, பாண்டேஜுக்குள் ஒளிந்து, சேணத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகும். நொடிக்கு ஆயிரம் அளவு. கேட்க நிறையத்தான், ஆனால் பாய்ச்சலில் குளம்பு தரையில் இருப்பதே ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி. நிற்கும்போது ஒரு முன்னங்காலில் நூற்று நாற்பது கிலோ இருக்கும். பாய்ச்சலில் அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் அதே கால் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கைத் தாங்குகிறது. கணுமூட்டு கிட்டத்தட்ட தரையைத் தொடுமளவு தாழ்ந்து, அந்தக் காலின் பின்பக்கத் தசைநார் ரப்பர் பட்டை போல இழுபட்டுத் திரும்ப எழுப்புகிறது. வளைகோட்டை முதல்முறை திரையில் பார்த்தபோது கேஜ் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

கெட்டது ஜூலையில். காலை ஆறு மணிக்கு ஓடிய அதே குதிரை, மதியம் இரண்டு மணிக்கு அதே வேகத்தில் ஓடினால் நூறு கிலோ கூடுதலாக மிதித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். வெயிலில் மெழுகு இளகித் தடத்தின் குணம் மாறுகிறது, அதுதான் காரணம் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "லாடமும் வெயிலில்தானே இருந்தது?"

லாடத்தை ஒரு பக்கெட் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். குதிரையும் இல்லை, தடமும் இல்லை. பக்கெட்டில் கிடந்த லாடம் தொண்ணூறு கிலோ காட்டியது. சூட்டில் ஜீரோ நகர்ந்திருந்தது. சங்ககிரியில் எந்தப் பையனாவது இப்படிச் செய்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

ஆனால் திருத்துவதற்கு வெப்பமானி எதுவும் தேவைப்படவில்லை. பாய்ச்சலில் முக்கால்வாசி நேரம் குளம்பு காற்றில்தான் இருக்கிறது. லாரி மேடையை விட்டு இறங்கின மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குதிரையே நமக்கு ஒரு காலி மேடையைக் காட்டிவிட்டுத்தான் மிதிக்கிறது. காலை வீசும் வேகத்தில் லாடத்தின் சொந்த எடை கொஞ்சம் இழுக்கும். அதனால் வீச்சில் எந்த இடத்தைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்க மூன்று நாள் ஆனது. அப்புறம் பழைய பதிவுகளை எல்லாம் அடிக்கு அடி ஜீரோ பண்ணி மறுபடி ஓட்டினேன்.

நூறு கிலோவில் பெரும்பகுதி காணாமல் போனது. முழுசாகப் போகவில்லை. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு வித்தியாசம் எல்லா ஓட்டத்திலும் மிஞ்சி நின்றது. அது லாடத்துடையது இல்லை. மெழுகு நிஜமாகவே இளகிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து காலை ஓட்டத்தோடு மதிய ஓட்டத்தையும் சேர்த்தே அட்டவணை போட்டோம். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் மெக்சிகோக்காரருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கு அது தூங்கும் நேரம், எழுப்பினால் கடிக்கும் என்றார். கடித்தது.