தல்லாகுளத்தில் பின்னால் நகர இடமில்லை

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை போவதென்று முடிவானதும் பையில் இரண்டே லென்ஸ்தான் வைத்தேன், 23 எம்எம் ஒன்று, 35 எம்எம் ஒன்று. என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி எனும் சற்றுச் சின்ன சென்சார் என்பதால், ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் கணக்கில் இவை கிட்டத்தட்ட 35ம் 50ம். எனக்குப் பிடித்தது அந்த ஐம்பதுதான், அதாவது என் 35 எம்எம். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பெரும்பாலும் 50லேயே எடுத்தவர், 1950இல் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். ஆனால் மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளம் கூட்டத்தில் மாட்டியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ, தெரியாது.

நான் மாட்டினேன். ஒரு பாட்டி சர்க்கரைச் சொம்போடு நின்றிருந்தார். சொம்பின் வாயை வாழை இலையால் மூடி, அதன்மேல் கற்பூரம் ஏற்றியிருந்தார். சொம்பும் வேண்டும், முகமும் வேண்டும், பின்னால் தெரியும் கூட்டமும் வேண்டும். 35 லென்ஸில் சொம்பு வந்தால் நெற்றி வெட்டுப்பட்டது. ஓரடி பின்னால் போகலாமென்றால் என் முதுகில் ஒருவர், அவர் தோளில் ஒரு குழந்தை.

கணக்கு இதுதான். இந்த சென்சாரில் 23 போட்டால் எதிரில் இருப்பவர் எத்தனை அடி தள்ளி நிற்கிறாரோ, ஏறக்குறைய அத்தனை அடி அகலம் படத்துக்குள் வரும். 35இல் அதில் மூன்றில் இரண்டு பங்குதான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் அற்ப வித்தியாசம், கூட்டத்தில் அதுவே பாட்டியின் நெற்றி.

சரி, மாற்றிவிடலாம் என்று லென்ஸைக் கழற்றிய நேரம் பார்த்து, பக்கத்தில் கருப்பசாமி வேடத்தில் வந்தவர் ஆட்டுத்தோல் பையை அமுக்கித் தண்ணீரைப் பீய்ச்சினார். அவர்மேல் தப்பே இல்லை, அது அவர் நேர்த்திக்கடன். சட்டைக்குள் கேமராவைப் பொத்திக்கொண்டு ஒரு டீக்கடைக்குள் ஓடினேன். சென்சார் தப்பித்தது, 35இன் பின்பக்கக் கண்ணாடியில் ரெண்டு சொட்டு.

அப்புறம் இரண்டு நாளும் 23தான், அதுவும் பிளாஸ்டிக் கவர் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு. மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கிய பிறகு ராமராயர் மண்டபத்துப் பக்கம் வெயில் மண்டையைப் பிளந்தது. லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8இல் வைத்து, ஃபோகஸைக் கையால் மூன்றேகால் மீட்டரில் நிறுத்திவிட்டேன். ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து அந்தக் கடைசி வரை எல்லாமே தெளிவு. ஆட்டோ ஃபோகஸ் பீய்ச்சும் தண்ணீரைப் பிடிப்பதா முகத்தைப் பிடிப்பதா என்று திணறும் தொல்லை இல்லை. 35இல் இதே வேலைக்கு ஏழரை மீட்டருக்கு மேல் வைக்க வேண்டும், நாலு மீட்டருக்குள் வருகிறவர் மங்கிவிடுவார். அங்கே நாலு மீட்டருக்கு அப்பால் யார் இருந்தார்கள்? குறையும் உண்டு, ஓரத்தில் சிக்கியவர்களின் முகம் கொஞ்சம் இழுபட்டுத்தான் போகிறது.

நீள லென்ஸே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வைகைமேல் உள்ள ஏ.வி. பாலத்தில் நின்று அழகரின் தங்கக் குதிரையை எடுக்க நினைப்பவருக்கு என்னுடைய 23 எறும்புப் புற்றைத்தான் காட்டும். ஆனால் தெருவில் 85 எம்எம் லென்ஸை வைத்துத் தூரத்திலிருந்து முகங்களைப் பொறுக்குவது எனக்கு ஒட்டவில்லை.

அந்தப் பாட்டியை அன்றே டீக்கடையிலிருந்து திரும்பி வந்து 23இல் எடுத்தேன். இரண்டடியில் நின்றிருந்தேன், "எங்க, காட்டு" என்றார். காட்டினேன். கற்பூரம் அணைஞ்சபிறகா எடுப்ப என்று திட்டிவிட்டு, கையில் கொஞ்சம் சர்க்கரை கொட்டினார்.