கோணல் பாலம்: லுசேர்ன் நாட்குறிப்பு

மே 11, ஞாயிறு

நேராகப் போட்டிருந்தால் சீக்கிரம் அக்கரை சேர்ந்திருக்கலாம். சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் நகரத்து இந்த மரப்பாலம் அப்படிப் போகவில்லை. ரொய்ஸ் நதியைக் குறுக்காக வெட்டாமல் சாய்வாகக் கிளம்பி, நடுவில் ஒடிந்து திரும்பி, தண்ணீருக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரத்தின் ஓரமாக ஒதுங்கிப் போய்த்தான் அடுத்த கரையைத் தொடுகிறது. மேலே ஓட்டுக்கூரை. கீழே பலகை. நடப்பவர்களுக்கு மட்டும்.

ஆள் கடப்பதற்காக மட்டும் கட்டியதல்ல என்பது தெரிந்தால் இந்தக் கோணல் புரிந்துவிடும். லுசேர்ன் நகரத்தில்தான் ஏரி முடிந்து ரொய்ஸ் நதி தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டில் எதிரி படகேறி ஏரி வழியாக வந்தால் நேரே ஊருக்குள் நுழைந்துவிடலாம். நிலத்தில் கல் மதில் எழுப்பலாம், தண்ணீரில் என்ன செய்வது? 1365 வாக்கில் மரத்தாலேயே ஒரு மதிலைக் கட்டி, அதன் மேல் நடக்கவும் வழி விட்டார்கள். ஏரிப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் மற்றப் பக்கத்தைவிட உயரமாக இருந்ததும் இதற்காகத்தான். பக்கத்தில் புனித பீட்டர் சிற்றாலயம் (சேப்பல்) இருப்பதால் சேப்பல் பாலம் என்று பெயர்.

கோபுரம் பாலத்துக்கும் மூத்தது, 1300ஐ ஒட்டிக் கட்டியது. 34 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம். ஊர்க் கருவூலம், ஆவணக் காப்பகம், சிறை, சித்திரவதைக் கூடம் என்று எல்லா வேலையும் பார்த்திருக்கிறது. பணத்தையும் கைதியையும் ஒரே இடத்தில் பூட்டி வைத்த சிக்கனம் எனக்குப் பிடித்திருந்தது.

மே 13, செவ்வாய்

சந்தை நாள். செவ்வாயும் சனியும் ஆற்றங்கரை முழுக்கக் காய்கறி, பாலாடைக்கட்டி, பூ. ஒரு சின்னக் கூடை ஸ்ட்ராபெரியின் விலையைக் கேட்டுவிட்டு நகர்ந்தேன்.

பாலத்தில் நடக்கவே இடமில்லை. நடுவில் நின்று படம் எடுப்பவர்களைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கோபுரத்தைச் சுற்றி ஒரு பறவைக் கூட்டம் கீச்சிட்டுக்கொண்டே பறந்தது. ஆல்ப்ஸ் உழவாரன்கள். வயிறு வெள்ளை, இறக்கை அரிவாள் மாதிரி. கோபுரத்துக்குள்ளேதான் கூடு கட்டுகின்றன, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போய்விடுமாம். அவற்றை யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மே 17, சனி

இன்று படங்களுக்காகவே காலையில் கூட்டம் சேரும் முன்னால் போனேன்.

கூரையின் உத்தரங்களுக்கு நடுவே முக்கோண இடைவெளிகள் வருகின்றன அல்லவா, அந்த முக்கோணங்களுக்கு அளவெடுத்துப் பலகை அறுத்து, அதில் வரைந்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹான்ஸ் ஹைன்ரிக் வேக்மான் என்ற ஓவியர் வரைந்தவை. எதையெதை வரைவது என்பதைத் திட்டமிட்டவர் நகரச் செயலாளர் ரென்வார்ட் சிசாட். மொத்தம் 158 இருந்தன. நகர வரலாறு, சுவிஸ் வரலாறு, ஊரின் காவல் புனிதர்களான லியோடெகார், மோரிஸ் இருவரின் கதைகள். ஒவ்வொன்றின் கீழும் ஜெர்மன் செய்யுள். செலவை நகர மன்ற உறுப்பினர்கள் பகிர்ந்துகொண்டார்கள், பதிலுக்குப் படத்தின் ஓரத்தில் அவரவர் குலச்சின்னம். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

எனக்குப் பிடித்தது ரைடென் அரக்கன். 1577இல் ரைடென் என்ற ஊரில் காற்றில் சாய்ந்த ஓக் மரத்தின் அடியில் பெரிய பெரிய எலும்புகள் கிடைத்தன. பாசல் நகரத்து மருத்துவர் ஃபெலிக்ஸ் பிளாட்டர் பார்த்துவிட்டு, இது ஒரு ராட்சத மனிதனுடையது என்று சொல்லிவிட்டார். சாதாரண ஆளல்ல, அந்தக் காலத்து உடற்கூறியலில் பெரிய பெயர். அவரே சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா? அரக்கனை நகரச் சின்னம் தாங்குபவனாக்கி, பாலத்திலும் ஏற்றிவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளூமன்பாக் என்ற ஜெர்மன் அறிஞர் வந்து, இது யானை இனத்து எலும்பு என்றார். மாமூத். அதற்காக அரக்கனை யாரும் கீழே இறக்கவில்லை.

அன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களே அதிகம். தினமும் கடந்து போகிறவன் தலைக்கு மேலே ஊரின் கதையை மாட்டிவைத்தது நல்ல தந்திரம். ஆனால் அது மன்றத்துப் பெரிய மனிதர்கள் சொல்ல விரும்பிய கதை. மீன் பிடித்தவனும் துணி துவைத்தவளும் அந்த முக்கோணங்களில் நாயகர்கள் ஆகவில்லை.

மே 20, செவ்வாய்

இதை எழுதாமல் பாலத்தைப் பற்றிப் பேச முடியாது. 1993 ஆகஸ்ட் 18, நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்தது. பாலத்தின் அடியில் கட்டியிருந்த படகு ஒன்று எரிந்து அங்கிருந்து பரவியது என்கிறார்கள். அணைக்காத சிகரெட் என்ற சந்தேகம் உண்டு, நிரூபணமாகவில்லை. இரு முனைகளும் கோபுரமும் தப்பின. நடுப்பகுதி போய்விட்டது.

மாடி வீட்டு அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர். தேநீர் குடிக்கும்போது கேட்டேன். "விடிய வேலைக்குப் போகேக்க பாத்தனான். நடுவில பாலமே இல்லை, கரிக்கட்டையள்தான் நிண்டது. இந்த ஊர்ச் சனம் அழுததை அண்டைக்குத்தான் முதல்தரம் கண்டனான்" என்றார். அப்புறம், "எங்கட நூலகம் எரிஞ்சதும் நினைவுக்கு வந்தது" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைச் சொல்கிறார். நான் மேலே கேட்கவில்லை.

மறுபடி கட்ட ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1994 ஏப்ரல் 14இல் திறந்துவிட்டார்கள், செலவு சுமார் 34 லட்சம் ஃபிராங்க். எட்டே மாதம்! அப்படியானால் இது பழைய பாலமா, புதிய பாலமா என்று பலரும் கேட்கிறார்கள். மரப்பாலத்தில் பலகை எப்போதும் உளுத்துக்கொண்டும் மாறிக்கொண்டும்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கரைகளை மேடாக்கியபோது நீளத்தையே வெட்டினார்கள். 270 மீட்டருக்கு மேல் இருந்தது இன்று சுமார் 205. ஆகவே மரத்தைப் பொறுத்தவரை எனக்குக் குறையில்லை.

படங்கள் வேறு விஷயம். தீயின்போது 111 படங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பெரும்பாலானவை அழிந்தன, முழுதாகச் சீராக்க முடிந்தவை 30. எரிந்தவற்றுக்கு நகல் வரைந்து மாட்டலாம் என்று பின்னாளில் ஒரு முயற்சி நடந்தது. நகல்களும் தயாராயின, நகர நிர்வாகம் ஏற்கவில்லை. அது சரியென்றே எனக்குப் படுகிறது. நடுவில் முக்கோணம் முக்கோணமாக வெறும் மரம் வருகிறது. பயணிகளில் பாதிப் பேர் அங்கேதான் பேச்சை நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார்கள். நகல் மாட்டியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மே 25, ஞாயிறு

மழை விட்டதும் ஆற்றோடு கீழே நடந்து ஸ்ப்ராயர் பாலத்துக்குப் போனேன். இதுவும் கூரை போட்ட மரப்பாலம்தான், 1408இல் முடித்தது. 1566 வெள்ளம் அடித்துக்கொண்டு போக, திரும்பக் கட்டினார்கள். ஆலைகள் பக்கத்தில் இருந்தன. உமியையும் சருகையும் ஆற்றில் கொட்ட இந்தப் பாலத்தில் மட்டும் அனுமதி. ஊருக்குக் கீழே இருப்பது இதுதானே.

இங்கே படங்கள் காஸ்பர் மெக்லிங்கர் வரைந்தவை, 1626 முதல் 1635 வரை. பொருள், மரணத்தின் நடனம். எலும்புக்கூடு வந்து அரசனைக் கூப்பிடுகிறது, மதகுருவைக் கூப்பிடுகிறது, மணப்பெண்ணையும் விடவில்லை. சேப்பல் பாலத்தில் காசு கொடுத்துச் சின்னம் போட்டவர்களின் வர்க்கமே இங்கே வரிசையில் நிற்கிறது. ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு!

பாலத்தை ஒட்டி ஊசி அணை. மரக்கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தித் தண்ணீரைத் தடுக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமைத்தது. பனி உருகி ஏரி ஏறும்போது கட்டைகளைக் கையாலேயே உருவுவார்கள், குறைந்தால் திரும்பச் செருகுவார்கள். அவ்வளவு பெரிய ஏரியின் மட்டத்தை இப்படியா நிர்வகிப்பது என்று சிரிப்பு வந்தது. ஆனால் வேலை நடக்கிறது.

பயணிகள் பேருந்துக் கூட்டம் இங்கே அவ்வளவாக வருவதில்லை. லுசேர்னில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் இந்தப் பாலத்துக்கு அனுப்புவேன். கோணல் பாலத்தை எப்படியும் பார்த்துவிடுவார்கள், ரயில் நிலையத்திலிருந்து நாலு எட்டில் இருக்கிறது.